நேர்ந்த முழங்கால்

அந்த ஸ்டூல்ல இருங்க மேடம். கொஞ்சம் ஆடும். சுவரோட சேத்துப் போட்டா ஆடாது. நான் இப்படித் தரையில இருந்தே சிப்பி உடைக்கிறேன், தப்பா நினைக்காதீங்க. போட்டு வச்சா கெட்டுப்போயிரும். இன்னைக்கு எங்க யாகப்பர் கோயில் திருநாளுக்குக் கடைசி நாளு. சாயங்காலம் கொடி இறக்குவாங்க. கொடி இறக்குற அன்னைக்கு எங்க வீட்டுல சிப்பிக்கறி வைக்கணும். அது எனக்க மாமியாருக்க சட்டம்.

பிள்ளைக்க அப்பா பக்கத்துலதான் போயிருக்காரு. மாமியும் கூடப் போயிருக்காங்க. இப்ப வந்துருவாரு. நீங்க சாயங்காலம் வருவேன்னுதானே சொன்னீங்க? மத்தியானமே வந்துட்டீங்க. போன் அந்தா ஜன்னல்ல கிடக்கு பாருங்க. இவ்வளவு நேரமும் அடிச்சது நீங்கதானா? நான் எடுக்கல. எனக்குப் போன்ல பேச வராது. நேர்லயே வராது.

கிளப்புல இருந்து முழங்கால் பாக்க ஆள் வருதுன்னு சொன்னதும் நான் ஆம்பள டாக்டர்னு நினைச்சேன். பாருங்க, நல்ல புடவையைக்கூட எடுத்து வைக்கல, அடுக்களையில ஒளிஞ்சுக்கலாம்னு இருந்தேன். டாக்டர் இல்லியா? ஃபிசியோவா? சரி. எதுவானா என்ன, முழங்காலைப் பாக்கப்போறது நீங்கதானே. நீங்க நல்லாருக்குன்னு சொன்னா அவரு சென்னைக்குப் போவாரு. இல்லன்னா இல்ல. அது எனக்குத் தெரியும். அவ்வளவு புத்தி எனக்கு இருக்கு.

டீயைக் குடிங்க மேடம், ஆறுது. நான் ஒரு கையால தொட்டில் கயிறை ஆட்டிக்கிடுறேன். எந்திரிச்சான்னா விடமாட்டான். இவனும் இடது காலாலதான் உதைக்கிறான். வயித்துக்குள்ள இருக்கும்போதே இந்தப் பக்கம்தான் உதைப்பான். அவருக்கு அதுல அவ்வளவு பெருமை. எங்க ஊர்ப் பிள்ளைங்க கண்ணு திறக்கும் முன்னாடி கால்தான் திறக்கும்னு சொல்லுவாரு.

நான் ஆறாவதோட நின்னுட்டேன் மேடம். அப்புறம் இறால் கம்பெனி. இறாலுக்க மேல்தோடு உரிக்கிற வேலை. குனிஞ்ச தலை நிமிராண்டாம், யாருக்கிட்டயும் பேசாண்டாம். எனக்கு ஏத்த வேலை. ஒரு ஈஸ்டருக்கு இந்த ஊர் மைதானத்துல ஃபுட்பால் ஃபைனல். கம்பெனிப் பிள்ளைங்க எல்லாரும் இழுத்துட்டு வந்தாங்க. நான் ஒரு கிழவிக்க குடைக்குப் பின்னால ஒளிஞ்சு இருக்கேன். எங்க இருந்தோ பந்து வந்து எனக்க மடியில விழுந்துச்சு. எடுத்துக் குடுக்கணும்லா? எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். ஆட்டம் நின்னுபோச்சு. அவரு ஓடி வந்தாரு. "பந்தைத் தாறியா, இல்ல நானும் சேந்து வரணுமா?"ன்னு கேட்டாரு. ஊரே சிரிச்சுது. நான் அப்பவும் குடுக்கல. பின்ன, அந்தக் கிழவிதான் பிடுங்கிக் குடுத்துச்சு.

அப்படித்தான் கல்யாணம் ஆச்சு.

அவருக்கு ஒரு சந்தேகமும் கிடையாது மேடம். ஊர்ல எல்லாரும் கடலுக்குப் போவாங்க, இவரு போகமாட்டாரு. பாறையில கால் வழுக்கிரும், வள்ளத்துல கால் மாட்டிரும்னு சொல்லுவாரு. அவருக்க சின்ன மாமா வாசல்ல நின்னே கத்துவாரு, "எக்கா, லிவினுக்கு மீன் எல்லாம் ஆக்காதே, நாலு கைப்பிடி புல்லு அறுத்துப் போடு, அதுல உருண்டு பிழைக்கட்டும்!" இவரு சிரிச்சுக்கிட்டே, "மாமா, ஒரு நாள் டிவியில எனக்க காலைக் காட்டுவான், அன்னைக்கு நீரு கும்பிடணும்"னு சொல்லுவாரு. சொன்ன மாதிரியே கேரளாவுல ஒரு கிளப்புல எடுத்துட்டாங்க. இடது பக்கம் ஓடுற ஆள். மாமாவும் வந்து அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டாரு, விளையாட்டுக்குத்தான். எனக்கு அது பிடிக்கல. கண்ணு பட்டுரும்லா.

ராத்திரிச் சோத்துக்கு முன்னாடி பேட்டி எடுக்கச் சொல்லுவாரு. கரண்டியை எனக்க கையில தந்து, "கேளு பிள்ளே, நீதான் டிவிக்காரி"ம்பாரு. என்னத்த கேக்க? "சாப்பிட்டாச்சா?"ன்னு கேட்டேன் ஒரு தடவை. விழுந்து விழுந்து சிரிச்சாரு. அப்புறம் அவரே கேள்வியும் கேட்டு, அவரே பதிலும் சொல்லுவாரு. "ஆமா, நான் சின்னக் கடற்கரை ஊர்ல இருந்து வந்தவன். இல்ல, எனக்குப் பயம்னு ஒண்ணும் இல்ல." எனக்கு அந்தப் பதில் எல்லாம் மனப்பாடம். இப்பவும் கரண்டி கழுவும்போது வாய்க்குள்ள வந்துரும்.

முதல் அடி பட்டது எனக்க கண்ணு முன்னாலதான். கண்ணு முன்னாலன்னா, போன்ல. மழை. அங்கயும் மழை, இங்கயும் மழை. அவரு பந்தோட ஓடுறாரு, ஒருத்தன் குறுக்க வாறான், இவரு திரும்புறாரு. அப்ப நெட்டு நின்னுபோச்சு. படம் அப்படியே நின்னுச்சு. உடம்பு ஒரு பக்கம் பாக்குது, பாதம் ஒரு பக்கம் பாக்குது, நடுவுல முழங்கால். அப்படியே நிக்குது மேடம். நான் போனைத் தட்டுறேன், குலுக்குறேன், வாசலுக்கு ஓடுறேன், தூக்கிப் பிடிக்கிறேன். கால் அப்படியே இருக்கு. பின்ன படம் வந்தப்ப ஆட்டம் ஓடுது, அவரு அதுல இல்ல. இடது பக்கம் வேற ஒருத்தன் ஓடுறான்.

நடுவுல நடந்ததை நான் பாக்கவே இல்ல. எல்லாரும் சொன்னாங்க, விழுந்தாரு, தூக்கிட்டுப் போனாங்கன்னு. எனக்கு அவரு இன்னும் விழல. சில நேரம் பானையைத் திறந்தா ஆவிக்குள்ள அந்தக் கால் நிக்கும். நான் மூடிருவேன்.

டாக்டர் என்கிட்டதான் சொன்னாரு, உள்ள ஒரு நார் அறுந்துபோச்சுன்னு. இந்தா, இதைப் பாருங்க. சிப்பிக்குள்ள இருந்து இழுக்கிறேன்லா, இந்த நார். இதை வச்சுதான் இது பாறையைப் பிடிச்சிருக்கும், எவ்வளவு அலை அடிச்சாலும் போகாது. இது அறுந்தா முடிஞ்சுது. டாக்டர் சொன்னதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. வேற நார் வச்சுத் தைக்கப் போறோம்னு சொன்னாரு. அறுந்த நார் எங்கயாவது ஒட்டுமா? மனுஷன் கையால ஆகிற காரியமா அது?

அதனாலதான் ஆபரேஷன் ரூம் வாசல்ல நின்னு நான் யாகப்பருக்கு நேர்ந்தேன். யாகப்பரே, அந்த முழங்காலைத் திருப்பித் தாரும். தந்தா, அதே முழங்காலால, கொடிமரத்துல இருந்து பீடம் வரைக்கும் அவரு முட்டுக்குத்தி நடந்து வந்து உம்மைத் தொடுவாரு.

இல்ல மேடம், நான் இல்ல. அவருதான் நடக்கணும். எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. எனக்க நாத்தனார்கூடச் சொன்னா, வெள்ளியில ஒரு கால் செஞ்சு உண்டியல்ல போட்டா போதும்லா, இல்லன்னா நீயே நடந்துரேன்னு. ஆனா குணமானது யாருக்க முழங்கால்? அவருக்க. அப்ப எனக்க காலைக் கொண்டு காட்டினா அது ஏமாத்து வேலை இல்லியா? யாகப்பருக்குத் தெரியாதா எது எதுன்னு?

குணமாச்சு. நீங்க நம்பமாட்டீங்க, அப்படிக் குணமாச்சு. ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில கட்டி இழுப்பாரு. ஒத்தக் கால்ல நின்னு பல்லு தேய்ப்பாரு. "பழைய காலை விட இது நல்லாருக்கு பிள்ளே, புதுசுலா!"ன்னு சொல்லுவாரு. மறுபடியும் கரண்டி வந்துச்சு. "கேளு, காயம் உங்களை எப்படி மாத்திச்சுன்னு கேளு." கிளப்புல இருந்து கூப்பிட்டாங்க, திங்கக்கிழமை கேம்ப், வந்துருன்னு. அப்பதான் நான் நேர்ச்சையைச் சொன்னேன்.

முதல்ல சிரிச்சாரு. "எங்கிட்ட கேக்காம எனக்க முழங்காலை நேந்து வச்சிருக்கியா? நல்ல ஆளு!" அப்புறம் முகம் மாறிப்போச்சு. "முட்டுப் போடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு ரெஜி. திரும்பி வந்து பாக்கலாம்."

திரும்பி வந்து பாக்கிறதுக்கு யாகப்பர் என்ன கடைக்காரரா? நான் சண்டை எல்லாம் போடல மேடம். எனக்குச் சண்டை போடத் தெரியாது. சாப்பிடல, அவ்வளவுதான். அப்ப இவன் வயித்துல இருக்கான். மாமி அழுதாங்க. "பிள்ளத்தாச்சியைப் பட்டினி போட்டுட்டு நீ எந்தக் கோலை அடிக்கப் போறலே?"ன்னு கேட்டாங்க. அதுக்குப் பிறகு அவரு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு எந்திரிச்சு வந்தாரு.

நல்ல வெயிலு. வெளியில மணலு, உள்ள சிமெண்டு.

ஆமா மேடம், வெறும் முழங்கால்தான். துணி கட்டினா அது நேர்ச்சையா?

நல்லாத்தான் நடந்தாரு. நான் முன்னால நின்னேன், பீடத்துப் பக்கம், அவரு முகம் பாக்கிற மாதிரி. பின்னால மணல்ல ரெண்டு கோடு விழுது. ஒரு கோடு ஆழமா, ஒரு கோடு லேசா. வாசப்படி ஏறி உள்ள வந்தாரு. வியர்வை அப்படிக் கொட்டுது. பீடம் இந்தா இருக்கு, எட்டித் தொடுற தூரத்தை விடக் கொஞ்சம் கூட. அங்க நின்னுட்டாரு. என்னைப் பாத்தாரு. "போதும் பிள்ளே"ன்னாரு. சத்தம் வரல, வாய் அசைஞ்சுது. நான் தலையை ஆட்டினேன். போதாது, வாங்கன்னு ஆட்டினேன். அவரு பெஞ்சைப் பிடிச்சு எந்திரிச்சு, திரும்பி வெளிய போயிட்டாரு.

தொடல. தொடாமப் போயிட்டாரு.

வீங்கிச்சான்னா, வீங்கத்தான் செஞ்சுது. முட்டுக்குத்தி நடந்தா யாருக்குத்தான் வீங்காது? நான் சுடுதண்ணி ஒத்தடம் போட்டேன். அவரு கேம்புக்குப் போறவரைக்கும் யாருக்கிட்டயும் சொல்லாதேன்னாரு. நான் எதுக்குச் சொல்லப்போறேன்? மாத்திரையைப் போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டாரு. கேம்புல முதல் நாளே, பந்துகூட இல்லியாம், சும்மா ஓடித் திரும்பும்போது முழங்கால் விட்டுப்போச்சு.

பாத்தீங்களா? மிச்சம் வச்சா அப்படித்தான். குடுத்தவரு திருப்பி எடுத்துக்கிட்டாரு. இதை நான் யாருக்கிட்டயும் வாய் திறந்து சொன்னது இல்ல. அவருக்குக் கஷ்டமா இருக்கும்லா.

அதுக்குப் பிறகுதான் சத்தம் ஆரம்பிச்சுது.

என்ன சத்தம்னா, பந்து. பட்டப் பகல்ல. ஊர் சாப்பிட்டுப் படுத்திருக்கும், மைதானத்துல ஒரு ஈ காக்கா இருக்காது. கோயில் சுவர்ல பந்து அடிக்கிற சத்தம் கேக்கும். தொம். கொஞ்சம் நேரம் கழிச்சு, தொம். நான் போய்ப் பாத்துட்டு வந்தேன் மேடம். யாரும் இல்ல. சுவர்ல பந்து பட்ட அடையாளம்கூட இல்ல. திரும்பி வந்து இருந்தா, தொம். மாமிகிட்ட கேட்டா, அலையா இருக்கும்னு சொன்னாங்க. நான் பிறந்ததுல இருந்து அலை கேட்டவ. அலை ஒரே இடத்துல அடிக்காது.

அவருகிட்ட ஒரு நாள் கேட்டேன். அவரு அப்ப ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்சு அந்தப் பாயில சுவர் பக்கமாத் திரும்பிப் படுத்திருப்பாரு. பேச்சே கிடையாது. கரண்டி, பேட்டி ஒண்ணும் கிடையாது. கேரளா கிளப்புக்காரங்களும் கைவிட்டாச்சு. "உங்களுக்குக் கேக்குதா?"ன்னு கேட்டேன். "எது?"ன்னாரு. "ஒண்ணுமில்ல"ன்னேன். ஆனா போர்வைக்குள்ள பாத்தேன். தொம்னு கேக்கும்போது அவருக்க இடது பாதம் லேசா அசையுது. அடுத்த தொம்முக்கும் அசையுது.

அவருக்குத் தெரியாமலேயே அது விளையாடிக்கிட்டுக் கிடக்கு மேடம்.

கோயிலுக்குப் போனாலும் எனக்கு நிம்மதி கிடையாது. அவரு நின்ன இடம் எனக்குத் தெரியும். சிமெண்டுத் தரைதான், ஒண்ணும் இருக்காது, ஆனா அந்த ரெண்டு கோடும் அங்க வந்து முடியிறது எனக்குத் தெரியும். அதைத் தாண்டி நான் போகமாட்டேன். நற்கருணை வாங்கக்கூட சுத்திப் போவேன். ஒரு தடவை நாத்தனார் அந்த இடத்துல இவனை இறக்கி விட்டா. அவன் அங்கேயே இருந்து அழுறான், நகரமாட்டேங்கான். எல்லாரும் பசின்னு சொன்னாங்க. நான் அப்பதான் பால் குடுத்துட்டுக் கூட்டிட்டு வந்திருந்தேன்.

நீங்க சிரிக்காண்டாம். சிரிக்கலியா? சரி.

பின்ன, இந்த வருஷம்தான் எந்திரிச்சாரு. ஒரு நாள் காலையில பாய் காலியா இருக்கு. பதறிப் போய்ப் பாத்தா கடற்கரையில ஓடுறாரு. அடுத்த நாளும் ஓடுனாரு. மாமா பாத்துட்டு, "லேய், காணாமப்போன பந்தைத் தேடுறியா?"ன்னு கத்துனாரு. இவரு திரும்பிக் கத்துனாரு, "இல்ல மாமா, நீரு கும்பிடுற காலைக் கூட்டிட்டு வாறேன்!" நான் வாசல்ல நின்னு அழுதேன். அவருக்க கூட்டுக்காரர் ஒருத்தரு உங்க கிளப்புல சொல்லி, நீங்க வாறதா முடிவாச்சு. முந்தாநாள் ராத்திரி சோத்துல கை வச்சவரு, சும்மா கரண்டியை எடுத்து எனக்க பக்கத்துல வச்சாரு. ஒண்ணும் சொல்லல. வச்சாரு.

நானும் ஒண்ணும் சொல்லல. யாகப்பர் சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல. மிச்சம் இருக்குன்னு நினைச்சேன், ஆனா வாய் திறக்கல. அவரேதான் கேட்டாரு மேடம். "ரெஜி, அந்தச் சத்தம் இன்னும் கேக்குதா உனக்கு?" அவருக்கும் கேட்டிருக்கு. இவ்வளவு நாளும் கேட்டிருக்கு, சொல்லாம இருந்திருக்காரு. "மிச்சத்தை முடிச்சிட்டா நின்னுரும்லா?"ன்னு கேட்டாரு. சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாரு. நின்னுரும்னு சொன்னேன்.

அதனாலதான் இன்னைக்கு. கொடி இறங்கிட்டா அப்புறம் அடுத்த வருஷம்தான். நீங்க வாறதுக்குள்ள முடிச்சிட்டு, குளிச்சிட்டு, சுத்தமா உங்க முன்னால வந்து நிக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. விட்ட இடத்துல இருந்து நடந்தா போதும்னு மாமிகூடச் சொன்னாங்க. இவரு கேக்கல. "பாதியில விட்டது பாதிக் கணக்குல சேராதும்மா. கொடிமரத்துல இருந்தே வாறேன்"னாரு. அவருக்கு ஒண்ணு செஞ்சா முழுசாச் செய்யணும்.

என்ன மேடம்? எந்திரிச்சிட்டீங்க? டீ அப்படியே இருக்கு.

எவ்வளவு நேரம் ஆச்சுன்னா, நீங்க வாறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் போனாங்க. கோயிலா? இந்தா, அந்தத் தென்னை மரத்துக்குப் பின்னால குருசு தெரியுதுலா, அதுதான். நான் போகல. போன தடவை நான் முன்னால நின்னதாலதான் அவரு என்னைப் பாத்தாரு, பாத்ததாலதான் நின்னுட்டாரு. நான் இல்லன்னா அவரு யாரைப் பாப்பாரு? பீடத்தைத்தானே பாக்கணும். அதுக்காகத்தான் இந்தச் சிப்பியைப் பரத்தி வச்சுக்கிட்டு இருக்கேன். கையில வேலை இருந்தா கால் ஓடாது.

இப்ப கேளுங்க மேடம், ஒரு நிமிஷம். கேக்குதா? இல்லைலா? காலையில இருந்து அந்தச் சத்தம் கேக்கவே இல்ல. நான் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணும் இல்ல. அலைதான். நீங்க செருப்பை எதுக்கு மாட்டுறீங்க, வெயிலு, அவரே இப்ப வந்துருவாரு, நடந்தே வந்துருவாரு...

"ரெஜிலா! ஏ பிள்ளே! ஓடி வா! தொட்டுட்டான், பீடத்தைத் தொட்டுட்டான்! அங்கேயே கிடக்கான், எந்திரிக்க முடியலங்கான், உன்னக் கூப்பிடுதான், ஓடி வா!"

மாமிக்க சத்தம். கேட்டீங்களா மேடம்? தொட்டாச்சு. தொட்டாச்சு! தொட்டில் கயிறைக் கொஞ்சம் பிடிங்க, நான் போய்க் கூட்டிட்டு வாறேன், நீங்க தொட்டுப் பாத்து உங்க கிளப்புல சொல்லுங்க, இனி அந்த முழங்காலுக்கு ஒரு நாளும் ஒண்ணும் வராது!